திறந்து கிடந்த இன்ஜின்

அந்த ஜனவரியில் கெல்லோவாரா கிராமத்தில் ஒரு வாரமாகவே குளிர் மைனஸ் முப்பதை விட்டு நகரவில்லை. வியாழக்கிழமை காலையில் இர்மெலி வீட்டுப் பச்சைக் கார் கிளம்பவில்லை. வெள்ளிக்கிழமையும் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் நோயாளி புரண்டு படுப்பதுபோல ஒரு முனகல், அப்புறம் அதுவும் இல்லை. இர்மெலி இரண்டு நாளும் காலில் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு, தான் சமையல் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு நாலு கிலோமீட்டர் போய்வந்தாள். அது அவளுக்குப் பெரிய விஷயமில்லை.

அவளைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. அவள் கணவன் வெய்க்கோவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக ஒரு நாளைக்கு நாலு தடவை இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே ஏற்றி, சில மணி நேரம் கழித்து இறக்க வேண்டும். அதில்தான் அவன் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் பட்டியலில் ஆகஸ்ட் மாதம் அவன் பெயரைச் சேர்த்திருந்தார்கள். எந்த நாளிலும் எந்த நேரத்திலும் ஹெல்சின்கி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரலாம். வந்தால் நூற்று அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரோவானியேமி விமான நிலையத்துக்கு ஓடியாக வேண்டும். கிளம்பாத காரை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது?

இன்ஜின் ஹீட்டர் ஒன்றை அவள் நவம்பரிலேயே வரவழைத்து வைத்திருந்தாள். இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு துளையில் அதைப் பொருத்தி, ஒயரைக் கரண்டில் சொருகிவிட்டால் போதும். உள்ளே இருக்கும், குளிரில் உறையாத கூலன்ட் திரவம் மெல்லச் சூடாகி, எந்தக் குளிரிலும் வண்டி கிளம்பிவிடும். ஊரில் எல்லார் காரின் மூக்கிலும் அந்த ஒயர் தொங்கியது. பச்சைக் காருக்கு மட்டும் பதினெட்டு வருடமாக இல்லை. முப்பது வருடம் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன் வெய்க்கோ. போர்வை போர்த்திவிட்டால்தான் எழுந்திருப்பேன் என்று அடம்பிடிக்கிற இன்ஜின் ஒரு இன்ஜினா என்று கேட்டுக் கேட்டே காலத்தை ஓட்டிவிட்டான். குளிர் மிஞ்சினால் அடுப்புக் கங்குகளைத் தகரத்தில் அள்ளிக்கொண்டு போய் இன்ஜினுக்கு அடியில் வைப்பான். இப்போது அதைத் தூக்கி நடக்கவும் அவனுக்குத் தெம்பில்லை. ஹீட்டர் டப்பா பிரிக்கப்படாமல் ஃபிரிட்ஜின் மேலே கிடந்தது. கேட்கும்போதெல்லாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பான்.

சனிக்கிழமை காலை ரேடியோவில், ஞாயிறன்று மைனஸ் நாற்பது என்றார்கள். இர்மெலி காபிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து டப்பாவை இறக்கினாள்.

"இன்னைக்கா?" என்றான் வெய்க்கோ.

"இன்னைக்குத்தான். நீ பக்கத்துல உக்காந்து சொல்லு. நான் செய்றேன்."

"மல்லாக்கப் படுத்துக்கிட்டு சுத்தியல் அடிக்க வருமா ஒனக்கு?"

"முப்பது வருஷமா ஒன்கூட குப்பை கொட்டிட்டேன். சுத்தியல் அடிக்க வராதா, கெழவா?"

ஷெட்டுக்குள் குளிர் வெளியைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். விட்ட மூச்சு புருவத்தில் வெள்ளையாகப் படிந்தது. வெய்க்கோ இரண்டு கம்பளிச் சட்டைக்கு மேலே ஆட்டுத்தோல் கோட்டையும் போட்டு மூட்டையாகிக் கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்தான். பேட்டரியை முந்தின நாளே கழற்றிச் சமையலறையில் கதகதப்பாக வைத்திருந்தார்கள். இர்மெலி ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, மரக்கட்டையால் முட்டுக் கொடுத்து, வலது முன்சக்கரத்தைக் கழற்றினாள். சக்கரம் இருந்த இடத்தின் வழியே பார்த்தால் இன்ஜினின் பக்கவாட்டில் மூன்று வட்டத் தகர மூடிகள் வரிசையாகத் தெரிந்தன. நடுவில் இருப்பதுதான் என்றான் அவன். அவள் மான்தோலை விரித்துப் படுத்து, ரேடியேட்டரின் அடிக்குழாயைக் கழற்றி, கூலன்டை எனாமல் பேசினில் பிடித்தாள். பச்சை நிறத்தில், பாகுபோலக் கெட்டியாக இறங்கியது.

மூடியை எடுப்பதுதான் சிக்கல். ஓரத்தில் உளியை வைத்து உள்ளே தட்டினால் ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் வெளியே திரும்பும். அப்போது கொறடால் பிடித்து இழுக்க வேண்டும். ஓங்கி அடித்தால் மூடி முழுசாக உள்ளே விழுந்து தொலையும். மெல்ல அடித்தால் அசையாது.

"கொழந்தைய தூங்க வைக்கிற மாதிரி தட்டாத. அடி" என்றான் வெய்க்கோ. சீக்கிரம், சீக்கிரம் என்று காலையிலிருந்தே விரட்டிக்கொண்டிருந்தான். குளிரில் உட்கார்ந்திருப்பவனுக்கு அவசரம் இருக்கத்தானே செய்யும்.

அவள் அடித்தாள். உளி வழுக்கிக்கொண்டு போய் இரும்பில் இடித்தது. மறுபடி வைத்து அடித்தாள். நாலாவது அடியில் மூடி புரண்டு நின்றது. கொறடால் கவ்வித் திருகி இழுத்தபோது துருவும் மிச்சக் கூலன்டும் கொட்டி, சட்டைக் கைக்குள் புகுந்து முழங்கைவரை நனைத்தன. மூடி நசுங்கிக் கிழிந்து கையோடு வந்தது. இனி அதைத் திரும்ப வைக்க முடியாது. இன்ஜினில் ஒரு முட்டை நுழையும் அளவுக்குக் கருப்பாக ஒரு துளை.

அப்போதுதான் போன் அடித்தது. பட்டியலில் பெயர் ஏறிய நாளிலிருந்து வீட்டு வெளிச்சுவரில் கூடுதலாக ஒரு மணி பொருத்தியிருந்தார்கள். அது முற்றம் முழுக்கக் கேட்கும். வெய்க்கோ, நான் பார்க்கிறேன் என்று எழுந்து போனான். நாலைந்து நிமிடம் கழித்து வந்தான். தொப்பியை உள்ளேயே விட்டுவிட்டு வெறுந்தலையோடு வந்திருந்தான். யார் என்று கேட்டாள்.

"ராங் நம்பர்."

பெட்டியின் மேல் உட்கார்ந்தான். பிறகு, அவசரம் ஒன்றும் இல்லை, துளையின் ஓரத்தை உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்துச் சுத்தம் செய்யட்டும் என்றான். ராங் நம்பருக்கு ஐந்து நிமிடமா என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் விரல்கள் மரத்துக்கொண்டிருந்தன, கை வேலையில் இருந்தது. தேய்க்க ஆரம்பித்தாள்.

கால் மணி நேரத்தில் மணி மறுபடி அடித்தது.

"விட்டுடு. அதே ஆளாத்தான் இருக்கும்" என்றான் வெய்க்கோ.

இர்மெலி காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, தரையில் இருந்த பேசினைப் பார்த்துக்கொண்டிருந்தான். உருண்டு எழுந்து ஓடினாள்.

ஹெல்சின்கி ஆஸ்பத்திரி நர்ஸ். பதற்றமில்லாத, கனிவான குரல். உங்கள் கணவர் உங்களிடம் சொல்லியிருப்பார் என்று ஆரம்பித்தாள். வண்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கூப்பிடுவதாகச் சொன்னார், கால் மணி ஆகிவிட்டது. சிறுநீரகம் ஒன்று கிடைத்திருக்கிறது, ரத்த வகை பொருந்துகிறது, வரிசையில் அவர்தான் முதல் ஆள். ரோவானியேமியிலிருந்து மாலை ஐந்தரைக்கு விமானம். ஐந்து மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். இனி எதுவும் சாப்பிடக் கூடாது. வரவில்லை என்றால் இப்போதே தெரிய வேண்டும், அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

"வர்றோம்" என்றாள் இர்மெலி.

ரிசீவரை வைக்காமலே அடுத்தடுத்து எண்களைச் சுழற்றினாள். ஊரில் இருக்கும் ஒரே டாக்சி ரெய்யோவுடையது. அவன் நார்வே எல்லைப் பக்கம் ஆள் ஏற்றிப் போயிருக்கிறான், நாலு மணிக்கு மேல்தான் வருவான் என்றாள் அவன் மனைவி. பக்கத்து ஊர் டாக்சிக்காரன், எவ்வளவு விரட்டினாலும் மூன்றேகாலுக்கு முன்னால் கெல்லோவாரா வந்து சேர முடியாது என்றான். மூன்றேகாலுக்குக் கிளம்பினால் விமானம் போய்விடும். சனிக்கிழமை பஸ் கிடையாது. ஆம்புலன்ஸ் நெடுஞ்சாலையில் ஒரு விபத்துக்குப் போயிருந்தது. பக்கத்து வீட்டு சூலோவிடம் புது வண்டி இருந்தது. ஆனால் ராத்திரியே டாங்கிலிருந்த டீசல் மெழுகாக உறைந்துவிட்டது, காலையிலிருந்து அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன் என்றான் அவன்.

அவள் ஷெட்டுக்குத் திரும்பி வந்தபோது வெய்க்கோ அசையாமல் அதே பெட்டியில் இருந்தான்.

"எப்ப சொல்றதா இருந்த?"

"ஹன்னெஸ் என்னவிட திடமா இருந்தான்" என்றான்.

ஹன்னெஸ் ஆஸ்பத்திரியில் அவனோடு ஒரே அறையில் இருந்து, வயிற்றுக் குழாயைக் கையாளப் பழகிக்கொண்ட ஆள். இலையுதிர் காலத்தில் போன் வந்ததும் சந்தோஷமாக விமானம் ஏறிப் போனான். பதினோராம் நாள் பெட்டியில் வந்தான். அடக்கத்துக்கு இருவரும் போயிருந்தார்கள். அன்று வெய்க்கோ ஒரு வார்த்தை பேசவில்லை. இழவு வீட்டிலிருந்து வந்தவன் வேறெப்படி இருப்பான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

"இந்தக் குழாய வெச்சுக்கிட்டே இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டிடுவேன் இர்மெலி. வண்டி பிரிஞ்சு கெடக்குன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. பொய் இல்லையே அது. அடுத்தவனுக்குக் குடுக்கட்டும்."

இரண்டு மாதமாக அந்த டப்பா ஏன் ஃபிரிட்ஜின் மேலேயே கிடந்தது என்று அவளுக்கு இப்போது விளங்கியது. தரையில் கிடந்த கொறடை எடுத்துச் சுவரில் வீசலாம்போல இருந்தது. வீசவில்லை. ஐந்து வருடம் என்கிறான். கை கால் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வருகிறது, முகம் மண் நிறமாகிவிட்டது, ஐந்து வருடமாம்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லு. ஒன் ஒடம்பு, ஒன் இஷ்டம்" என்றாள். "ஆனா ஏர்போர்ட்ல, பிளேனுக்குப் போற கதவு பக்கத்துல நின்னு, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. கார் மேல பழியப் போடாத. காரை நான் கெளப்பறேன்."

அவள் மான்தோலில் மறுபடி படுத்துக்கொண்டாள்.

ஹீட்டர் பார்க்க எளிமையாகத்தான் இருந்தது. துளையை அடைக்கிற அளவுக்கு ஒரு பித்தளை வட்டு, அதிலிருந்து வளைந்த கம்பிச்சுருள், சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம். கம்பிச்சுருள் உள்ளே இரும்பில் இடிக்காதபடி சரியான பக்கம் பார்த்து நுழைத்து, நடுத் திருகை முடுக்கினால் உள்ளே ஒரு குறுக்குப்பட்டை விரிந்து பிடித்துக்கொள்ளும். டப்பாவில் இருந்த தாளில் படம் போட்டிருந்தது. அவள் வெய்க்கோவிடம் எதையும் கேட்கவில்லை, படத்தைப் பார்த்தே செய்தாள். ரப்பருக்குக் கிரீஸ் தடவினாள், நுழைத்தாள், முடுக்கினாள். அடிக்குழாயை மாட்டி, பேசினில் இருந்த கூலன்டைப் பழைய துணியில் வடிகட்டி, மேலேயிருந்து புனல் வைத்து ஊற்றினாள். பாதி ஊற்றுவதற்குள் கீழே சொட்டுச் சத்தம் கேட்டது.

குனிந்து பார்த்தாள். பித்தளை வட்டின் கீழ் ஓரத்திலிருந்து பச்சையாக ஒரு சொட்டு. மூன்று எண்ணுவதற்குள் இன்னொரு சொட்டு. திருகை இன்னும் முடுக்கினாள். சொட்டு வேகமாயிற்று. கடிகாரத்தைப் பார்த்தாள், பன்னிரண்டு பத்து. இரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். அதற்கு முன் இன்ஜின் ஒரு மணி நேரமாவது சூடாக வேண்டும். கூலன்ட் ஒழுகித் தீர்ந்தால் வீட்டில் வேறு கிடையாது. தண்ணீரை ஊற்றினால் வழியிலேயே உறைந்து இன்ஜினைப் பிளந்துவிடும். அவள் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்கக் கண் நிறைந்தது. சத்தம் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"முடுக்காத" என்றான் வெய்க்கோ பின்னாலிருந்து. "எவ்வளவு முடுக்கினாலும் நிக்காது. உளி வழுக்குச்சே, அந்த எடத்துல பிசிறு தூக்கிட்டு நிக்கும். ரப்பர் அங்கதான் ஒக்கார மாட்டேங்குது."

"எனக்குத் தெரியலையே."

"கண்ணுக்குத் தெரியாது. கழட்டு. நகரு."

அவள் கூலன்டை மறுபடி பேசினில் இறக்கி, ஹீட்டரைக் கழற்றினாள். வெய்க்கோ கோட்டைக் கழற்றிப் பெட்டியின் மேல் போட்டான். வயிற்றுக் குழாய் அழுந்தாமல் ஒருக்களித்து, ஒரு கையை ஊன்றி, மூச்சு வாங்க மான்தோலில் இறங்கினான். வயிறு அழுந்தும்படி படுக்கக் கூடாது, பாரம் படக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இர்மெலி தடுக்க வாயெடுத்தாள், நிறுத்திக்கொண்டாள். அவன் கையுறையைக் கழற்றி, ஆள்காட்டி விரலைத் துளைக்குள் விட்டு ஓரத்தைச் சுற்றி மெல்ல ஒரு வட்டம் போனான். அடிப்பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"அரம். சின்னது."

அவள் எடுத்துக் கொடுத்தாள். அரம் இரும்பில் உராயும் சத்தம் மட்டும் கேட்டது. நாலு இழு இழுப்பான், கை சோர்ந்து தொங்கிவிடும், மறுபடி நாலு இழு. விரல் நுனிகள் வெளுத்துக்கொண்டு வந்தன. அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்தி ஊதிவிட்டாள். அவன் மறுபடி தேய்த்தான். கடைசியில் விரலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, போடு என்றான். இந்த முறை வட்டை அவனே சாய்த்துப் பிடித்துக்கொள்ள, அவள் திருகை முடுக்கினாள். போதும் என்று அவன் சொன்ன இடத்தில் நிறுத்தினாள்.

கூலன்டை ஊற்றினாள். இருவரும் தரையில் தலையை வைத்துக் கீழிருந்து பார்த்தார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பித்தளை வட்டு உலர்ந்தே இருந்தது.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு ஒயரைச் சொருகினாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இன்ஜினின் வயிற்றுக்குள்ளிருந்து, அடுப்பில் வைத்த கெட்டில் கொதிக்கத் தொடங்கும் முன் இரையுமே, அப்படி ஒரு மெல்லிய இரைச்சல் எழுந்தது.

அடுத்த ஒரு மணி நேரம் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியாது. சக்கரத்தை மாட்டினாள். இன்ஜின்மேல் பழைய மெத்தை ஒன்றைப் போட்டு மூடினாள். வீட்டுக்குள் வெய்க்கோ வயிற்றிலிருந்த திரவத்தை இறக்கிவிட்டுக் குழாயை மூடிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு பையில் துணி, மருந்துச் சீட்டு, சவரக்கத்தி எடுத்து வைத்தாள். அவன் வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பூட்ஸ் கயிற்றைக் கட்ட அவன் குனிய முடியாமல் திணறியபோது அவள் உட்கார்ந்து கட்டிவிட்டாள். இரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் பேட்டரியைக் குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்ப் பொருத்தினாள்.

முதல் தடவை முனகியது. இரண்டாம் தடவை சுற்றியது, பிடிக்கவில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் சாவியை மட்டும் திருப்பு என்றான் வெய்க்கோ பக்கத்து சீட்டிலிருந்து. மூன்றாம் தடவை ஒரு சிலிண்டர் இருமியது, இன்னொன்று சேர்ந்துகொண்டது, வண்டி முழுவதும் குலுங்கிக் குலுங்கிப் பிறகு நிதானத்துக்கு வந்தது.

அந்த வடகோடிக் குளிர்காலத்தில் இரண்டு மணிக்கே வானம் மங்கிவிட்டிருந்தது. ஆற்றோரச் சாலையில் பனி கெட்டிப்பட்டிருந்தது. அறுபதுக்கு மேல் ஓட்ட முடியவில்லை. முப்பது கிலோமீட்டர் போயும் காருக்குள் சூடு வரவில்லை. துவாரத்திலிருந்து வந்தது ஐஸ் காற்று. கண்ணாடி உள்பக்கம் உறையத் தொடங்கியது. வெய்க்கோ சுரண்டியபடியே வந்தான். நாற்பதாவது கிலோமீட்டரில் வெப்ப முள் நடுவைத் தாண்டி மேலே ஏறுவதைக் கவனித்தாள். இன்ஜின் கொதிக்கிறது, உள்ளே இருப்பவர்கள் உறைகிறார்கள்.

"ஒழுகுதா?" என்று கேட்டபோது அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"ஒழுகினா வாசனை வரும். காத்து அடைச்சுக்கிட்டு இருக்கு. அவசரத்துல ஊத்தினோம், காத்து வெளிய போகல. முன்னாடி மேடு வரும். மூக்கு மேல பாத்து நிக்கிற மாதிரி நிறுத்து. இன்ஜின மட்டும் அணைக்காத."

மேட்டில் நிறுத்தினாள். இறங்கி பானட்டைத் தூக்கினாள். காருக்குள் சூடு கொண்டுபோகும் ரப்பர்க் குழாயின் கவ்வியைத் திருப்புளியால் தளர்த்த வேண்டும், முழுசாகக் கழற்றிவிடக் கூடாது. வெய்க்கோ ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு, சுற்று, இன்னும் அரைச் சுற்று, விலகி நில் என்று சொல்லிக்கொண்டிருந்தான். குழாய் நுனியில் சீறிக்கொண்டு காற்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. பிறகு நுரை, பிறகு கொதிக்கிற பச்சைக் கூலன்ட் அவள் கையுறையில் பாய்ந்தது. கையை உதறாமல் கவ்வியை இறுக்கினாள். உள்ளே வந்து உட்கார்ந்தபோது கால்மாட்டில் வெந்நீர்ப் பானை திறந்ததுபோலச் சூடு வந்துகொண்டிருந்தது. முள் இறங்கியது. புறங்கையில் வெந்த இடம் அப்போதுதான் எரியத் தொடங்கியது.

"காட்டு" என்றான். கையைப் பிடித்துப் பார்த்தான். பிறகு அந்தக் கையை விடாமலே உட்கார்ந்திருந்தான். கியர் மாற்றும்போது மட்டும் விட்டான்.

ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது ரோவானியேமி போய்ச் சேர்ந்தார்கள். பயணிகள் அதிகமில்லை. டிக்கெட் கவுண்டரில் அவன் பெயரைச் சொன்னதும் எல்லாம் தயாராக இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். அவள் காலையில் சொன்ன வார்த்தையை நினைவுபடுத்தவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். அவன் சொல்லிவிட்டால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வழி நெடுகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

வெய்க்கோ அவள் முகத்தைப் பார்த்தான்.

"பயமாத்தான் இருக்கு" என்றான். "இப்பவும் இருக்கு. போய்ட்டு வர்றேன்."

அன்று அவள் ரோவானியேமியிலேயே இருந்த சித்தி மகள் வீட்டில் தங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே போன் வந்தது. வெய்க்கோதான். கடைசிப் பரிசோதனையில் அவன் ரத்தமும் அந்தச் சிறுநீரகமும் ஒத்துப்போகவில்லை. வேறொரு ஆளுக்குப் பொருந்தியது, அவரை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். சாயங்கால விமானத்தில் தன்னைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றான். அவன் குரலில் நிம்மதி தெரிகிறதா என்று இர்மெலி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"பேர எடுத்துட வேணாம்னு சொல்லிட்டேன்" என்றான். "மறுபடி எப்ப கூப்பிட்டாலும் வர்றேன்னு அந்த நர்ஸம்மா கிட்ட ரெண்டு தடவ சொன்னேன். எழுதிக்கிட்டாங்க."

மறுபடி கூப்பிட்டது ஏப்ரல் கடைசியில். கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம். வெளியே நாலு டிகிரி வெயில். ரெய்யோவின் டாக்சி கடை வாசலிலேயே நின்றிருந்தது, ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. வெய்க்கோ தானே பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டான், கட்ட வெகுநேரம் ஆனாலும். இந்தத் தடவை பரிசோதனையில் எல்லாம் பொருந்தியது. ஆபரேஷன் மூன்று மணி நேரம் நடந்தது. முதல் இரண்டு நாள் நர்ஸ்தான் போனில் பேசினாள். நன்றாக இருக்கிறார், ஆனால் சிறுநீரகம் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை, பொறுத்துப் பார்க்கலாம் என்றாள். இர்மெலி அந்த இரண்டு நாளும் பள்ளிக்கூடத்தில் சூப்புக்கு உப்புப் போட்டாளா இல்லையா என்று தெரியாமல் சமைத்தாள்.

மூன்றாம் நாள் மாலை அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. வெய்க்கோ. ஆஸ்பத்திரி நடையில் இருக்கும் போனிலிருந்து பேசினான். யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒன்றேகால் லிட்டர் என்றான்.

"என்ன ஒண்ணேகால் லிட்டர்?"

"மூத்திரம். காலையிலேருந்து. அளந்து பாத்துட்டாங்க."

அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவன் இந்த முறை நடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். பின்னால் யாரோ சிரிப்பது அவளுக்குக் கேட்டது.